மறையாத கை

1962-ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்றைய தென்னார்க்காடு மாவட்டத்து நெய்வேலியில், சோவியத் நாட்டின் உதவியோடு எழுப்பப்பட்ட அனல் மின்நிலையத்தின் முதல் அலகு, பூமிக்கடியிலிருந்து அப்போதுதான் வெட்டியெடுக்கத் தொடங்கியிருந்த பழுப்பு நிலக்கரியை எரித்து மின்சாரத்தை வெளியே அனுப்பியது. அதே ஆண்டு அக்டோபர் மாதத்தில், இலண்டனில், சிறுவர்களுக்கென்று புதிதாகப் பிறந்த 'வேலியண்ட்' என்னும் வாரப் பத்திரிகையின் முதல் இதழில் தொடங்கிய சித்திரத் தொடர் ஒன்றில், ஆராய்ச்சிக்கூடத்து விபத்தில் வலக்கையை இழந்து அந்த இடத்தில் எஃகுக் கை பொருத்தப்பெற்ற ஓர் உதவியாளன், உயர் மின்னழுத்தம் உடலில் பாய்ந்தபோது உலகத்தார் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து போனான். அவனுடைய எஃகுக் கை மட்டும் மறையாமல் நின்றது. இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் கிடையாது. எனினும், பத்தாண்டுகள் கழித்து, 1972 ஜனவரியில், சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் நிறுவிய முத்து காமிக்ஸ் தனது முதல் வெளியீடாக 'இரும்புக்கை மாயாவி'யைத் தமிழில் கொண்டுவந்தபோது, மின்சாரம் உண்டாக்குவதையே பிழைப்பாகக் கொண்ட நெய்வேலிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அந்த மாயாவி வேற்று நாட்டானாகத் தோன்றவில்லை.

அவனை எழுதியவர் ஒருவர் அல்லர். வரைந்தவரும் ஒருவர் அல்லர். சிலர் அவனைக் குற்றவாளியாகக் கண்டார்கள், சிலர் அரசாங்கத்தின் இரகசிய ஊழியனாகக் கண்டார்கள், சிலர் முகமூடி அணிந்த வீரனாகக் கண்டார்கள். இவர்களுள் எவன் உண்மையான மாயாவி? கற்பனைப் பாத்திரத்துக்கு உண்மை ஏது, பொய் ஏது என்று இக்கேள்வியைத் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் வாசகன் அப்படித் தள்ளுவதில்லை. ஒரு கதையைப் பாதியில் நிறுத்தி, "இது நம்ம மாயாவி இல்லை" என்று புத்தகத்தை மூடிவைக்கும் பன்னிரண்டு வயதுப் பையன், எந்த அளவுகோலைக் கொண்டு அந்தத் தீர்ப்பைச் சொன்னான் என்பதை விளக்க மாட்டாதவனாக இருக்கலாமே தவிர, தீர்ப்புச் சொல்வதில் அவனுக்குத் தடுமாற்றமே இல்லை. அவனுடைய அளவுகோல் எது என்று கண்டுபிடிப்பதே இக்கட்டுரையின் பிரயாசை.

மாயாவியின் இயற்பெயர் லூயிஸ் கிராண்டல். பேராசிரியர் பாரிங்கரிடம் உதவியாளனாக இருந்தவன். அவனை முதலில் எழுதியவர் கென்னத் புல்மர் என்ற ஆங்கில விஞ்ஞானக் கதாசிரியர். சிறிது காலத்திலேயே அப்பொறுப்பை டாம் டல்லி என்பவர் ஏற்றுக்கொண்டு, தொடரின் பெரும்பகுதியை எழுதினார். ஓவியங்களைத் தீட்டியவர் ஸ்பெயின் நாட்டுப் பார்சலோனாவில் பிறந்த ஹெஸுஸ் பிளாஸ்கோ. நிழலையும் ஒளியையும் மையின் அடர்த்தியால் மட்டுமே பிரித்துக் காட்டும் அவருடைய கைவண்ணத்தில், இருட்டு அறையொன்றில் ஆளில்லாமல் அசையும் எஃகுக் கை பார்ப்பவர் நெஞ்சில் ஒரு குளிரை உண்டாக்கியது. காகிதத்தில் மறைந்தவனை எப்படி வரைவது என்பது எந்த ஓவியனையும் திணற வைக்கும் பிரச்சினை. வெற்றிடத்தை வரைந்தால் வாசகனுக்கு ஒன்றும் தெரியாது. புள்ளிக்கோட்டால் உருவம் காட்டினால் மறைந்ததன் பொருள் போய்விடும். மறையாத கை அந்தப் பிரச்சினைக்குத் தீர்வாகவும் கதையின் உயிராகவும் ஒருங்கே அமைந்தது.

கதையின் உயிர் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறைந்து திரியும் வல்லமை வேண்டும் என்ற ஆசை மனித குலத்தின் மிகப் பழைய ஆசைகளில் ஒன்று. நம்முடைய சித்தர் கதைகளில் குளிகையும் அஞ்சன மையும் வருவது அந்த ஆசையினால்தான். மாயாவியிடம் அந்த ஆசை நிறைவேறுகிறது, ஆனால் முழுமையாக நிறைவேறுவதில்லை. உடம்பு முழுவதும் மறைகிறது. இழந்த அங்கத்தின் இடத்தில் வந்த அன்னியப் பொருள் மட்டும் மறைய மறுக்கிறது. எந்தக் காயம் அவனைப் பிறரிடமிருந்து பிரித்ததோ, அந்தக் காயமே அவன் எவ்வளவு மறைந்தாலும் அவனை ஊருக்குக் காட்டிக்கொடுக்கிறது. அதோடு, ஒருமுறை பெற்ற வல்லமை நிலைத்து நிற்பதுமில்லை. குறிப்பிட்ட நேரம் கழிந்தால் உருவம் திரும்பிவிடும். மறுபடி மறைய வேண்டுமானால் மறுபடியும் மின்சாரத்தைத் தொட்டு அந்த அதிர்ச்சியை உடலில் ஏற்க வேண்டும். சக்தி வேண்டிய ஒவ்வொரு தடவையும் அதற்குரிய வேதனையை அவன் புதிதாகச் செலுத்தியாக வேண்டும்.

இந்த ஏற்பாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு அவன் பட்ட மாறுதல்களைப் பார்க்க வேண்டும். முதற்கதையில் அவன் நல்லவன் அல்லன். பிறர் கண்ணுக்குத் தெரியாத வாழ்வு கிடைத்தவுடன் திருட்டில் இறங்கி, பெருநகரத்தையே அச்சுறுத்தும் குற்றவாளியாக வளர்ந்து, பிடிபடுகிறான். பின்வந்த கதைகளில் அந்தக் குற்றங்களுக்கு விபத்து அவன் மனத்தில் விளைத்த விகாரமே காரணம் என்று சொல்லப்பட்டு, அவன் மன்னிக்கப்பட்டு, நிழற்படை என்னும் இரகசியப் பிரிவில் சேர்கிறான். எஃகு விரல்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாகக் கருவிகள் குடியேறுகின்றன. 1960-களின் பிற்பகுதியில் அமெரிக்க வீரர்களின் மோகம் ஆங்கில நாட்டிலும் பரவியபோது அவனுக்கும் இறுக்கமான உடையும் முகமூடியும் அணிவிக்கப்பட்டன. பிறகு அவையும் களையப்பட்டு, கூலிக்குக் குற்றவாளிகளைத் தேடிப் பிடிப்பவனாக அவன் மாறினான். 1970-இல் தொடர் முடிந்தது. இதற்கிடையே பையடக்கப் புத்தக வரிசையில் வேறு ஓவியர்கள் வரைந்த மாயாவி கதைகளும் வெளிவந்தன.

எட்டே ஆண்டுகளில் இத்தனை வேஷங்கள். இவற்றில் உடையும் முகமூடியும் அணிந்த காலமே மிகப் பலவீனமானது என்பது என் அபிப்பிராயம். அதற்குக் காரணம் உடை அழகாக இல்லை என்பதன்று. மறைந்து வாழ்பவனுக்கு முகமூடி எதற்கு? எல்லோரும் காணும்படி பளபளக்கும் உடை எதற்கு? அந்த வேஷத்தில் எஃகுக் கை அவனுடைய குறையாக இராமல் அவனுடைய ஆபரணங்களில் ஒன்றாகப் போய்விட்டது. ஆனால் குற்றவாளி உளவாளியானபோது அவன் கெட்டுப்போகவில்லை. சொல்லப்போனால் அப்போதுதான் அவன் நிறைவு பெற்றான். நிழற்படையின் கட்டளைக்குப் பணியும் ஒவ்வொரு தடவையும், தான் முன்பு என்னவாக இருந்தோம் என்ற நினைவு அவனுக்குப் பின்னால் நின்றது. குணம் தலைகீழாக மாறியும் அவன் அவனாகவே இருந்தான். உடை மட்டும் மாறியபோது வேறொருவனாகிவிட்டான்.

தமிழில் வந்தபோது அவன் இன்னொரு பிறவி எடுத்தான். வாரந்தோறும் இரண்டிரண்டு பக்கமாக வந்த தொடர், இங்கே ஒரே மூச்சில் படிக்கக்கூடிய சிறு புத்தகமாயிற்று. சட்டங்கள் வேறு அளவில் அடுக்கப்பட்டன. பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில் அச்சாயின. முல்லை தங்கராசன் போன்றோர் ஆசிரியப் பொறுப்பில் இருந்து, பேச்சுக் குமிழிகளில் தூய்மையான, சிறிது மேடைத்தன்மை கலந்த தமிழைப் பெய்தார்கள். 'பாம்புத் தீவு', 'நாச அலைகள்', 'உறைபனி மர்மம்', 'பாதாள நகரம்' என்ற தலைப்புகளில் அவன் ஊர் ஊராகச் சென்றான். இரும்புக்கை மாயாவி, லாரன்ஸ்-டேவிட், ஜானி நீரோ என்ற முத்து காமிக்ஸின் நாயகர்களை ரசிகர்கள் மும்மூர்த்திகள் என்றே வழங்கினார்கள். புல்மர் யார், டல்லி யார், பிளாஸ்கோ யார் என்பது அவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். தாயகமான இங்கிலாந்தில் அவன் மெல்ல மெல்ல மறக்கப்பட்டுக்கொண்டிருந்த ஆண்டுகளில், இங்கே மறுபதிப்புக்கு மேல் மறுபதிப்பாக அவன் வாழ்ந்தான். சிருஷ்டிகர்த்தாவின் பெயரே அறியாத ஒரு ஜனசமூகம் அவனுடைய உண்மையைப் பாதுகாத்தது என்றால், அந்த உண்மை சிருஷ்டிகர்த்தாவின் கையெழுத்தில் இல்லை, கதையின் அமைப்பிலேயே இருந்தது என்றுதானே கொள்ள வேண்டும்?

இங்கே நெய்வேலியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது நீரோடு கறுப்பாக ஏதோ வந்தது என்பதிலிருந்து இந்த ஊரின் சரித்திரம் தொடங்குகிறது. 1956-இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் அமைக்கப்பட்டது. 1957-இல் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். நிலக்கரிக்கு மேலே மலைபோல் கிடக்கும் மண்ணைப் பிரம்மாண்டமான சக்கர எந்திரங்கள் அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். அடியிலிருந்து அழுத்தத்தோடு பொங்கும் ஊற்றுநீரை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இறைப்பதை நிறுத்தினால் சுரங்கத்தின் தரை தாங்காது. கிராமங்கள் இடம்பெயர்ந்தன, விளைநிலங்கள் பள்ளமாயின. டவுன்ஷிப்பில் வட்டம் வட்டமாக, மரங்கள் அடர்ந்த தெருக்களில் குவார்ட்டர்ஸ்கள் எழுந்தன. மைன்ஸிலும் தெர்மலிலும் ஷிப்ட் முறையில் உழைக்கும் தகப்பன்மார்களின் பிள்ளைகள், இரவுப் பணி முடித்து வந்தவர் பகலில் உறங்கும் வீட்டில், சத்தம் போடாமல் படிக்கக் கற்றவர்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு மாயாவி புத்தகம் உகந்த விருந்தாளி.

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு மின்சாரம் என்பது சுவரில் உள்ள ஒரு பொத்தான். நெய்வேலிப் பிள்ளைகளுக்கு அது தகப்பனின் உடம்பில் படிந்த கரித்தூள். மின்சாரம் தாக்கியவரைப் பற்றி, பெரியவர்கள் குரலைத் தாழ்த்திப் பேசிக்கொள்ளும் செய்தி. சக்தி விலையின்றிக் கிடைப்பதில்லை என்பதை இந்த ஊர் தன் கட்டமைப்பிலேயே அறியும். 2020-ஆம் ஆண்டில் மே, ஜூலை மாதங்களில் இரண்டாம் அனல் மின்நிலையத்தின் கொதிகலன்களில் நேர்ந்த விபத்துகளில் தொழிலாளர்கள் பலர் மாண்டார்கள்; 1962-இல் தொடங்கிய முதல் மின்நிலையமும் அதே ஆண்டில்தான் ஓய்வு பெற்றது. மின்கம்பியைத் தொட்டு, பல்லைக் கடித்து, அந்த அதிர்ச்சியைத் தாங்கி, அதன் பிறகே மறைகிற ஒருவனை இந்த ஊர் வாசகன் படித்தபோது, அதில் நம்பமுடியாதது மறைதல் ஒன்றுதான். மற்றதெல்லாம் அவனுக்குத் தெரிந்த விஷயம். 1998 முதல் இங்கு நடைபெற்ற புத்தகக் கண்காட்சிகளில், தலை நரைத்தவர்கள் காமிக்ஸ் மறுபதிப்புகளைத் தேடி வந்து, பேரப்பிள்ளைகளின் பெயரைச் சொல்லித் தங்களுக்கே வாங்கிக்கொண்டு போவதைக் காண எனக்கு மிகுந்த சந்தோஷம்.

முதல் சிருஷ்டிகர்த்தா வகுத்ததே வேதம், பின்வந்தவர்கள் அதிலிருந்து விலகினால் பொய் என்று வாதிப்பவர்கள் உண்டு. அவர்களுடைய கவலை மதிக்கத்தக்கதே. ஆனால் சரித்திரம் அவர்களுக்குச் சாதகமாக இல்லை. சூப்பர்மேனைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1933-இல் அந்தப் பெயரில் முதன்முதலாக வெளியிட்ட கதையில், அப்பெயருடையவன் மனோசக்தியால் உலகை ஆளத் துடிக்கும் தீயவன். 1938-இல் வெளிவந்த நாம் அறிந்த சூப்பர்மேனோ, தொடக்கத்தில் பறக்கவே இல்லை. கட்டடங்களைத் தாவிக் கடந்தான். பறத்தல் பின்னால் சேர்ந்தது. அவனைப் பலவீனமாக்கும் கிரிப்டோனைட் கல்லோ 1943-இல் வானொலி நாடகத்தின் வழியாக வந்து சேர்ந்தது. 1939 மே மாத இதழில் அறிமுகமான பேட்மேனுக்கு, பெற்றோர் கண்ணெதிரே கொல்லப்பட்ட வரலாறு அதே ஆண்டின் நவம்பர் இதழில்தான் எழுதப்பட்டது. ஆதிக் கதைகளில் அவன் துப்பாக்கி ஏந்தினான், உயிரும் பறித்தான். அந்த மரணத்தின் நினைவு வேரூன்றிய பிறகு துப்பாக்கி அவன் கைக்கு ஒவ்வாத பொருளாயிற்று. இன்று அவன் கையில் துப்பாக்கியைக் கொடுக்கும் எழுத்தாளன் வாசகரிடம் சமாதானம் சொல்லியாக வேண்டும். ஆக, ஒரு வீரனின் உண்மை பிறந்த நாளிலேயே முழுமையாக இருப்பதில்லை. பல கைகள் தடவித் தடவிச் செல்லும்போது, ஒரு நாள், ஒருவர் கையில் அது தட்டுப்படுகிறது. தட்டுப்பட்ட பின்பு அதை யாரும் விட முடிவதில்லை.

சீகலின் பெயரைச் சொன்னதும், தமிழ் வாசகருக்கு நெருக்கமான இன்னொரு செய்தி நினைவுக்கு வருகிறது. சூப்பர்மேனின் உரிமையை இழந்து வறுமையில் உழன்ற அதே சீகல், 1960-களில் ஆங்கில நாட்டு 'லயன்' பத்திரிகைக்காக எழுதிய பாத்திரம்தான் நம்முடைய ஸ்பைடர். டெட் கவன் தொடங்கிவைத்து, ரெஜ் பன் வரைந்த அந்தக் கதையில், குற்றவாளிகளுக்கெல்லாம் சக்கரவர்த்தியாக வேண்டும் என்ற ஒரே வெறி கொண்டவனாக ஸ்பைடர் தோன்றினான். சீகலின் கையில் அவன் குற்றவாளிகளை வேட்டையாடுபவனாக மாறினான். ஆனால் கருணையினால் மாறவில்லை; தன்னை விடப் பெரியவன் எவனும் இருக்கக் கூடாது என்ற கர்வத்தினால் மாறினான். சிவகாசியில் எஸ். விஜயனின் ஆசிரியத்துவத்தில் 1984-இல் தொடங்கிய லயன் காமிக்ஸ், 'எத்தனுக்கு எத்தன்' என்ற கதையோடு அவனை இங்கே கொண்டுவந்தபோது, தமிழ்ப் பிள்ளைகள் அவனுடைய தர்மத்தை ரசிக்கவில்லை, அந்தக் கர்வத்தைத்தான் ரசித்தார்கள். பக்கம் மாறியது, கர்வம் மாறவில்லை. ஆகையால் ஸ்பைடரும் மாறவில்லை.

இந்த அறிவு நமக்குக் காமிக்ஸிலிருந்து வந்ததன்று. நெய்வேலியைச் சுற்றியுள்ள வட்டாரங்களில், கோடைக் காலத்தில், திரௌபதி அம்மன் கோயில்களில் பாரத விழா நடக்கும். பகலில் பாரதப் பிரசங்கியார் உட்கார்ந்து வில்லிபுத்தூரார் பாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வார். இரவில் அதே கதையைத் தெருக்கூத்தாகக் கூத்தர்கள் ஆடுவார்கள். பகலில் கேட்ட கதையும் இரவில் கண்ட கதையும் ஒன்றல்ல. பகல் கர்ணனின் வாழ்வில் பெரிதாக இடம் பெறாத பொன்னுருவி, இரவுக் கர்ணனின் வாழ்வில் மனைவியாக வந்து, அவனுடைய பிறப்பைச் சொல்லி ஏளனம் செய்கிறாள். போருக்குப் புறப்படும் கர்ணன் அவளிடம் விடைபெறும் காட்சி 'கர்ண மோட்ச'த்தில் ஊரையே அழவைக்கிறது. கிரீடமும் புஜக்கட்டையும் தாங்கிய கர்ண வேஷக்காரரின் அடவும், பிரசங்கியாரின் பதவுரையும், ஒரே ஊராரின் ஒரே மனத்துக்குள் மோதிக்கொள்ளாமல் வாழ்கின்றன. "எது நிஜமான கர்ணன்?" என்று அங்கே எந்தப் பாட்டியும் கேட்டதில்லை, ஆனால் வேஷக்காரர் பிசகினால், "கர்ணன் அப்படிச் செய்ய மாட்டானே" என்று முதல் வரிசையில் அமர்ந்து முகம் சுளிப்பவள் அவள்தான்.

அந்தப் பாட்டியின் பிரமாணம் எதுவாக இருக்கும்? வியாசரின் கர்ணனைச் சூரியன் கனவில் வந்து எச்சரிக்கிறான்; எச்சரிக்கையை அறிந்தே கவச குண்டலங்களை இந்திரனுக்குக் கொடுக்கிறான்; எனினும் அதற்கு ஈடாக ஒருமுறை மட்டும் பயன்படும் சக்தி ஆயுதத்தைக் கேட்டுப் பெறுகிறான். வில்லிபுத்தூரார் அதோடு நிற்கவில்லை. போர்க்களத்தில் வீழ்ந்து கிடப்பவனிடம் கண்ணன் வேதியனாக வந்து, வாழ்நாள் முழுவதும் செய்த புண்ணியத்தையே தானமாகக் கேட்க, தாரை வார்க்க நீரின்றி, மார்பில் தைத்த அம்பு வழி ஒழுகும் குருதியால் தாரை வார்க்கிறான். இல்லை என்று இரப்போர்க்கு இல்லை என்று சொல்லாத மனம் எந்தப் பிறவியிலும் வேண்டும் என்பதையே வரமாகக் கேட்கிறான். இது வியாசரில் இல்லை. இல்லாததைச் சேர்த்தவர் வில்லியார். ஆயினும் தமிழ் நாட்டில் கர்ணன் என்றவுடன் எவர் மனத்திலும் முதலில் எழும் காட்சி இதுதான். 1964-இல் பி. ஆர். பந்துலு எடுத்த 'கர்ணன்' படத்தில் பொன்னுருவி இல்லை. சுபாங்கி என்ற அன்பான மனைவியாகத் தேவிகா வருகிறார். சிவாஜி கணேசன் குருதி வார்க்கும் காட்சியோ இருக்கிறது. 1991-இல் மணிரத்னம் எடுத்த 'தளபதி'யில் கவசமும் இல்லை, குண்டலமும் இல்லை, தேரும் இல்லை. அதைவிடத் துணிச்சலாக, கர்ணன் சாகவே இல்லை. துரியோதனன் இடத்தில் இருக்கும் தேவாதான் சாகிறான், சூர்யா பிழைக்கிறான்.

மரணத்தையே மாற்றிய பின்னும் அது கர்ணன் கதைதான் என்று எப்படித் தெரிந்தது? தாயால் விடப்பட்ட குழந்தை என்ற ஒற்றுமை மட்டும் போதாது. அப்படிப்பட்ட குழந்தைகள் நம் படங்களில் எண்ணற்றோர். தனக்கு இடம் கொடுத்த ஒருவனுக்காக, நஷ்டம் இன்னதென்று தெரிந்தே, தன் இரத்தத்தில் பிறந்த தம்பிக்கு எதிராக நிற்பதை அவன் தேர்ந்தெடுக்கிறானே, அதுதான் கர்ணன். தெரிந்தே கொடுத்தல், கொடுத்ததற்குரிய வேதனையைத் தானே ஏற்றல்: வியாசரிலும் வில்லியாரிலும் கூத்திலும் திரையிலும் இந்த ஒன்று குலையவில்லை. ஒருவேளை நாளை ஒரு ஆசிரியர் கர்ணனைச் சக்கரவர்த்தியாக முடிசூட்டலாம், பஞ்சபாண்டவரோடு சேர்த்தும் வைக்கலாம். பாட்டி அதைப் பொறுத்துக்கொள்வாள். ஆனால் இந்திரன் ஏமாற்றியதனால் தெரியாமல் கவசத்தைக் கொடுத்துவிட்டான் என்று எழுதினால், அந்த ஒரே வரியில் கர்ணன் செத்துப்போவான்.

இதே தர்க்கம் மாயாவிக்கும் பொருந்துகிறது. சில வேஷங்கள் வாசகனுக்கு ஏற்றதும் ஒன்று ஏற்காததும் இதனால்தான். லீ பாக் 1936-இல் படைத்த வேதாளர் இன்னொரு வகை. ரே மூர், வில்சன் மக்காய், சை பாரி என்று ஓவியர்கள் மாறிக்கொண்டே வந்தாலும் வாசகருக்கு அது உறுத்தவில்லை. ஏனெனில் கதைக்குள்ளேயே வேதாளர் என்பவர் ஒருவர் அல்லர், தகப்பனின் முகமூடியை மகன் அணியும் இருபத்தொரு தலைமுறைப் பரம்பரை. 1964-இல் இந்திரஜால் காமிக்ஸ் அவரை இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது அவருடைய நாட்டின் பெயரையே டெங்காலி என்று மாற்றியது. அதனாலும் எதுவும் குறையவில்லை. தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கை வைத்து முதல் வேதாளர் செய்த சபதம் இருந்தது, அது போதும்.

மாயாவியை ஆங்கில நாட்டில் மீண்டும் எடுத்துப் பார்த்த பிற்காலத்தவர்களுள் இருவரைச் சொல்ல வேண்டும். பால் கிரிஸ்ட் தமது 'ஜாக் ஸ்டாஃப்' வரிசையில், எஃகு நகமுள்ள ஒருவனைப் படைத்து, புல்மரின் பெயரையே எழுத்து மாற்றி அவனுக்குச் சூட்டி வணக்கம் செலுத்தினார். 2005-இல் ஆலன் மூர் கதைக்கோப்பு அமைக்க, அவர் மகள் லேயா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதி, ஷேன் ஓக்லி வரைந்த 'ஆல்பியன்' கதையில், பழைய ஆங்கில வீரர்கள் அனைவரும் அரசாங்கத்தால் சிறையில் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். அவர்களுள் கிராண்டலும் இருக்கிறான். ஒரு காலத்தில் அரசாங்கத்துக்கு உழைத்தவனை அரசாங்கமே பூட்டி வைத்திருக்கிறது. பழைய வாசகர்கள் சிலருக்கு அந்தக் கசப்பு பிடிக்கவில்லை என்பதை அறிவேன். எனக்கு அது நியாயமான வளர்ச்சியாகவே படுகிறது. நிழற்படை அவனை மன்னித்து ஏற்றது அவன் மேல் வைத்த அன்பினாலா, அவன் கையின் உபயோகத்தினாலா என்ற கேள்வி டல்லியின் கதைகளிலேயே உறங்கிக் கிடந்தது; மூர் அதை எழுப்பினார்.

தமிழில் அவனைப் புதிதாகப் படைக்க ஒருவர் முன்வந்தால் என்ன செய்யலாம்? இலண்டனை விட்டுவிடலாம். பெயரை மாற்றலாம். அவனை அவளாக்கலாம். நெய்வேலி மின்நிலையத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் ஓர் இளைஞனின் கை போனதிலிருந்து கதையைத் தொடங்கலாம். அந்தக் கைக்கு நஷ்ட ஈடு கேட்டு அலைந்த அவன், மறையும் வல்லமை கிடைத்தவுடன் முதலில் எங்கே போவான், யாரிடம் போவான் என்று எழுதத் தொடங்கினால், எழுதுகிறவரின் பேனா தானே ஓடும். நிழற்படை வேண்டாமென்றால் வேண்டாம். எஃகு விரலில் துப்பாக்கியும் வேண்டாம். ஆனால் அப்படி ஒரு கதை பதிப்பாளரிடமோ படத் தயாரிப்பாளரிடமோ போகும்போது, ஒரு யோசனை தவறாமல் வரும்: நாயகன் தொடக்கத்திலிருந்தே நல்லவனாக இருக்கட்டும், அந்தத் திருட்டையும் கொள்ளையையும் எடுத்துவிடுங்கள், குழந்தைகள் பார்க்கிறார்கள் என்பார்கள். அதற்கு மட்டும் அந்த எழுத்தாளர் இணங்கக் கூடாது. 1972-இல் அந்த முதல் புத்தகத்தைப் படித்த பிள்ளைகளுக்கு மாயாவியின் குற்றம் தெரியும்; தெரிந்தும் அவனோடு நின்றார்கள்; அதனால் அவர்களில் யாரும் கெட்டுப்போகவில்லை.